வீடு விக்கிறீங்களோ எண்டு கேட்டு வாற ஆக்களை எப்பிடி சமாளிக்கிறது

கொழும்பில வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் சொந்த வீடு வைச்சிருக்கிற ஆக்களுக்கு இதை புதுசா விளக்கத் தேவையில்ல. காலமை கேட்டுக்குக் கீழால கடிதம் கிடக்கும், வட்ஸ்அப்பில "குட் மோர்னிங் சேர், உங்கட ப்ரொப்பர்ட்டி விசயமா" எண்டு மெசேஜ் வரும், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிட்டு கண்ணயர்ற நேரமாப் பாத்து பெல் அடிக்கும். நீங்க விக்கப் போறதா ஒருத்தருக்கும் சொல்லியிருக்க மாட்டீங்கள், ஆனா வாற ஆளுக்கு உங்கட காணி எத்தினை பேர்ச், மேல்மாடி வாடகைக்கோ, பிள்ளையள் கனடாவிலயோ லண்டனிலயோ எல்லாம் மனப்பாடம்.

இவை எல்லாரும் கள்ளர் எண்டு சொல்ல வரேல்ல. ஒரே ஏரியாவில வருசக்கணக்கா ஓடித்திரிஞ்சு நியாயமா வியாபாரம் செய்யிற புரோக்கர்மார் இருக்கினம், அவையால நல்ல விலைக்கு வித்துப்போட்டு நிம்மதியா இருக்கிற சனமும் இருக்கு. ஆனா நூறு விசிட்டிங் கார்ட் அடிச்சா நாளைக்கு காலமை ஆரும் "ப்ரொப்பர்ட்டி கொன்சல்டன்ட்" ஆகலாம், அதால ஆள் நல்லவரோ கெட்டவரோ எண்டு முகத்தைப் பாத்து கண்டுபிடிக்க மினக்கெடாதேங்கோ. அவர் உங்களிட்ட என்னத்தை எடுக்கப் பாக்கிறார் எண்டு மட்டும் பாருங்கோ.

வாயால சொன்னது காணியில செல்லாது

இதை முதல்ல விளங்கிக்கொண்டா பாதிப் பயம் போயிடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது தான், ஆனா இண்டைக்கும் காணி விசயத்தில அதுதான் அத்திவாரம். காணி வீட்டை விக்கிறதோ, ஈடு வைக்கிறதோ, பிறகு விக்கிறன் எண்டு ஒப்பந்தம் செய்யிறதோ, எதெண்டாலும் எழுத்தில இருக்கோணும், ஒரு நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால கையெழுத்து வைச்சிருக்கோணும், இல்லாட்டி சட்டத்தில அதுக்கு வலு இல்ல எண்டு அதின்ர 2ஆம் பிரிவு சொல்லுது.

அப்ப போனில நீங்க "ம்ம் பாப்பம்" எண்டு சொன்னாலும் சரி, "சரி தம்பி அந்த விலைக்கு தரலாம்" எண்டே சொன்னாலும் சரி, வீடு உங்கட வீடுதான். "அன்ரி நீங்க வாக்கு குடுத்திட்டீங்கள், பார்ட்டி லண்டனில இருந்து டிக்கெட் போட்டு வந்து நிக்கிறார், இப்ப மாறினா கேஸ் போடுவார்" எண்டு வெருட்டினா அது வெறும் வெருட்டு. பதறி வைக்கிற கையெழுத்து தான் ஆபத்து.

அதால அவை உங்களைத் தேடி வாறது மூண்டே மூண்டு சாமானுக்கு: உங்கட கையெழுத்து, உங்கட உறுதியின்ர (காணிப் பத்திரத்தின்ர) கொப்பியும் ஐடென்டிட்டி கார்ட்டும், இல்லாட்டி உங்கட குடும்பத்தில இன்னொருத்தற்ற பங்கு. இந்த மூண்டில எதுக்கு வாறார் எண்டு தெரிஞ்சா பிறகு கதை லேசு.

கடிதமும் போனும்

கடிதம் பெரும்பாலும் கையால எழுதின மாதிரி இருக்கும், நீல மை, கோடு போட்ட கொப்பித் தாள். "அன்புள்ள வீட்டு உரிமையாளருக்கு, உங்கள் ஒழுங்கையில் வீடு தேடும் டொக்டர் குடும்பம் ஒன்று எங்களிடம் உள்ளது, ரொக்கப் பணம் தயார், இந்த வாரத்திற்குள் அழைக்கவும்." தாளைத் திருப்பி பின்பக்கத்தை விரலால தடவிப் பாருங்கோ, பேனை அழுத்தின தடம் இருக்காது, அச்சடிச்சது. பக்கத்து வீட்டு கேட்டுக்கும் எதிர் வீட்டு கேட்டுக்கும் அதே டொக்டர் குடும்பம் தான் போயிருக்கும். இப்பிடி வந்தா பதில் போடத் தேவையில்ல, ஆனா கிழிச்சும் எறியாதேங்கோ, அந்த நம்பரோட ஒரு போட்டோ எடுத்து லேன் ஆக்களின்ர வட்ஸ்அப் குறூப்பில போடுங்கோ. ஒரே நம்பர் மூண்டு பேரில கதைக்கிறது அப்பதான் வெளிக்கும்.

போன் வேற மாதிரி. இப்பிடித்தான் தொடங்கும்:

"அன்ரி வணக்கம், சிவா அண்ணை தான் நம்பர் தந்தவர்."

எந்த சிவா? கொழும்பில சிவா எண்டு ஒரு அண்ணையாவது இல்லாத தமிழ்க் குடும்பம் இருக்கோ. நீங்களே "ஓ, கோயிலடி சிவாவோ" எண்டு கேப்பீங்கள், "ஓம் ஓம் அவர்தான்" எண்டு வரும், அவ்வளவுதான், அறிமுகம் முடிஞ்சுது. அடுத்த கேள்வி "அன்ரி தனியவோ இருக்கிறீங்கள், அங்கிள் நிக்கிறாரோ?" வீடு வாங்க வாறவனுக்கு இது என்னத்துக்கு? அதுக்குப் பிறகு "உறுதி ஆற்ற பேரில?", "பாங்கில ஈடு ஏதும் கிடக்கோ?", "பிள்ளையள் வந்து போறவையோ?" எண்டு ஒண்டொண்டா போகும், எல்லாம் பாசமான குரலில.

இதுக்குப் பதிலா நீங்க கேளுங்கோ. வாங்கிறவர் ஆர், முழுப்பேர் என்ன. அவற்ற லோயர் ஆர், கந்தோர் எங்க. காசு சொந்தமோ, பாங்க் லோனோ. உங்களுக்கு கமிஷன் ஆர் தாறது, என்னட்டயோ அவரிட்டயோ. உண்மையான ஆள் கொஞ்சம் தயங்கினாலும் பதில் சொல்லுவார், வாங்கிறவற்ற பேரை இப்ப சொல்லேலாது எண்டாலும் அடுத்த முறை ஆளையே கூட்டிக்கொண்டு வருவார். மற்ற ஆள் கோவிப்பார், இல்லாட்டி "அன்ரி நம்பிக்கை தானே முக்கியம்" எண்டு தொடங்குவார். நம்பிக்கை எண்ட சொல்லு வந்த உடனே நான் போனை வைச்சிடுவன், அது என்ர பழக்கம்.

எழுத்தில பதில் அனுப்பிறதெண்டா சுருக்கமா, அன்பு ஆதரவு ஒண்டும் இல்லாம: "வீடு விற்பனைக்கு இல்லை. இனி அழைக்க வேண்டாம். எந்தப் புரோக்கருக்கும் நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை." அந்தக் கடைசி வசனம் முக்கியம், பிறகு ஆரும் உங்கட வீட்டுப் படத்தை இக்மன் மாதிரி தளங்களில போட்டு ஆக்களிட்ட அட்வான்ஸ் வாங்கினா நீங்க அனுமதி குடுக்கேல்ல எண்டதுக்கு தேதியோட சாட்சி இருக்கும்.

பயம் காட்டிறது

"றோட் அகலமாக்கப் போறாங்கள், உங்கட முன்பக்கம் முழுக்கப் போகுது, இப்ப வித்தா தப்பினீங்கள்." இது பழைய ஆயுதம், ஆனா இன்னும் வேலை செய்யுது, ஏனெண்டா றோட் அகலமாக்கிறது உண்மையாவே நடக்கிற விசயம். அரசாங்கம் காணி எடுக்கிறதுக்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க காணி எடுத்தற் சட்டப்படி ஒரு ஒழுங்கு இருக்கு, 2ஆம் பிரிவில மூண்டு பாசையிலும் நோட்டீஸ் காணிக்குக் கிட்ட ஒட்டோணும், பிறகு வர்த்தமானியில வரோணும், நட்டஈடு இருக்கு. புரோக்கர் வந்து காதில சொல்லி ஒரு காணியும் போகாது. சந்தேகமெண்டா டவுன் ஹோலில மாநகர சபைக்குப் போய் உங்கட காணிக்கு ஸ்ட்ரீட் லைன் சேர்ட்டிபிக்கேட் எடுங்கோ, றோட் அகலமாக்கிற கோடு எதால போகுது எண்டு அதில தெரியும். எப்பிடியும் விக்கிற நேரம் வாங்கிறவற்ற லோயர் அதைக் கேப்பார், எடுத்து வைச்சா நட்டமில்ல.

வரியைக் காட்டியும் வெருட்டுவினம், "அடுத்த பட்ஜெட்டில வித்தா பெரிய டாக்ஸ் வருமாம், அதுக்கு முதல் முடிப்பம்" எண்டு. மூலதன ஆதாய வரி இருக்கிறது மெய்தான். ஆனா 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில, விக்கிறதுக்கு முந்தின 3 வருசம் தொடர்ந்து உங்களுக்குச் சொந்தமா இருந்து அதில 2 வருசமாவது நீங்க குடியிருந்த பிரதான வீடெண்டா அந்த வரியில இருந்து விலக்கு வைச்சிருக்கினம். வாடகைக்கு விட்ட வீடெண்டா கதை வேற, அதை வரிக் கணக்குப் பாக்கிற ஆளிட்ட கேளுங்கோ. முத்திரைத் தீர்வை வழக்கமா வாங்கிறவர் கட்டிறது, முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் எண்டு போகும், அதில பாதியை உங்கட தலையில கட்டப் பாத்தா ஏன் எண்டு கேளுங்கோ.

உறுதிக் கொப்பி

"பார்ட்டிக்குக் காட்டோணும், உறுதியை வட்ஸ்அப்பில அனுப்புங்கோ, ஐசி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் சேத்து."

அனுப்பாதேங்கோ. விலை கதைக்கிற கட்டத்தில வாங்கிறவருக்குத் தேவை காணியின்ர அளவு, எல்லை, றோட் அகலம், அதுக்கு சர்வே பிளானின்ர கொப்பி காணும். உறுதிக் கொப்பி லோயரிட்ட இருந்து லோயருக்கு போக வேண்டிய சாமான், வாங்கிறவர் ஆர் எண்டு தெரிஞ்ச பிறகு. ஐடென்டிட்டி கார்ட் அதுக்கும் பிறகு. கட்டாயம் குடுக்க வேண்டி வந்தா கொப்பிக்கு மேல குறுக்கால பேனையால எழுதுங்கோ, ஆருக்கு, என்னத்துக்கு, எத்தினையாம் தேதி எண்டு, எழுத்து பேரிலயும் நம்பரிலயும் ஏறி இருக்கோணும், ஓரத்தில எழுதினா வெட்டிப்போட்டு கொப்பி அடிப்பினம்.

சில பேர் கேப்பினம், காணிப் பதிவகத்தில ஆரும் காசு கட்டி பத்திரு (பதிவேட்டுக் கொப்பி) எடுக்கலாம் தானே, பிறகென்ன ஒளிப்பு எண்டு. எடுக்கலாம் தான். ஆனா பதிவேட்டில உங்கட முகமும் இல்ல, ஐசி கொப்பியும் இல்ல. கள்ள உறுதி எழுதிறவனுக்கு உங்களைப் போல ஒரு ஆளை நொத்தாரிசுக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டோணும், அதுக்கு கார்ட் வேணும், கையெழுத்தின்ர சாயல் வேணும். நொத்தாரிசுக்கு உங்களைத் தெரியாட்டி ரெண்டு சாட்சியும் உங்களைத் தெரிஞ்சவையா இருக்கோணும் எண்டு தான் சட்டம், அந்த ரெண்டு சாட்சியையும் காசுக்குப் பிடிச்சா அலுவல் முடிஞ்சுது.

பதிவகம் பதிஞ்சு தரும், அவ்வளவுதான், இந்த உறுதி உண்மையோ பொய்யோ எண்டு விசாரிச்சு தராது. அதால வருசத்துக்கு ஒருக்கா எண்டாலும் நீங்களே உங்கட காணியின்ர பத்திருவை எடுத்துப் பாருங்கோ. உங்கட உறுதியில பதிவு முத்திரையோட தொகுதி நம்பரும் பக்க நம்பரும் எழுதியிருக்கும், அதைக் குடுத்து விண்ணப்பிச்சா காணும். கடைசிப் பதிவு உங்கட பேரிலயோ, அதுக்குக் கீழ உங்களுக்குத் தெரியாத ஒரு வரி ஏறியிருக்கோ எண்டு பாருங்கோ. பூட்டிக் கிடக்கிற வீடு, வெளிநாட்டில இருக்கிற ஆற்றயும் வீடு எண்டா இதைத் தள்ளிப் போடவே கூடாது. கேவியட் எண்டும் ஒண்டு இருக்கு, ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில, அதைப் பதிஞ்சு வைச்சா அந்தக் காணி சம்பந்தமா ஆரும் ஒரு ஆவணத்தை பதியக் கொண்டுவாற நேரம் உங்களுக்கு அறிவித்தல் வரும். ஒரு லோயர் செய்து தருவார், பெரிய வேலை இல்ல. ஆனா அறிவித்தல் எந்த விலாசத்துக்கு வருது எண்டு யோசிச்சு எழுதுங்கோ, பூட்டின வீட்டு விலாசத்தையே குடுத்துப்போட்டு இருந்தா கடிதம் அந்தக் கேட்டுக்குக் கீழயே தான் கிடக்கும்.

இன்னொண்டு தெரிஞ்சு வையுங்கோ. ஒரு உறுதி எழுதினா மூலப்பிரதி காணிக்காரரிட்ட போகும், ஒண்டு நொத்தாரிசின்ர கோவையில நிக்கும், முத்திரை குத்தின இரட்டைப்பிரதி பதிவகத்துக்குப் போகும். ஆராவது உங்கட காணிக்கு வேற உறுதி காட்டினா அந்த மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கச் சொல்லி லோயரிட்ட சொல்லுங்கோ, கள்ள உறுதியள் கனக்க அங்கதான் பிடிபடும்.

"ஒரு சின்ன அட்வான்ஸ் தானே"

ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ காசாக் கொண்டுவந்து மேசையில வைப்பினம். "வைச்சிருங்கோ அங்கிள், சும்மா ஒரு நம்பிக்கைக்கு, இதில மட்டும் ஒரு சைன்." அந்த "இதில" என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ. சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ இருந்து உங்களுக்கு வாசிக்கேலாட்டி கையெழுத்து இல்ல, அவர் வாசிச்சுச் சொல்லுறது கணக்கில்ல. ரிசீட்டுக்குக் கீழ ஆறு மாசம் வேற ஆருக்கும் விக்கேலாது, வித்தா அவருக்கு கமிஷன், அட்வான்ஸை ரெட்டிப்பாத் திருப்பித் தரோணும் எண்டெல்லாம் கிடக்கும். நொத்தாரிசு இல்லாத தாள் காணியைக் கொண்டுபோகாது, ஆனா காசு வாங்கினதுக்கு அது சாட்சி, காசுக்கு வழக்குப் போடலாம், உங்களை இழுத்தடிக்கலாம், உண்மையா வாங்க வாற ஆளிட்ட அதைக் காட்டி "இந்தக் காணி பிரச்சினைக் காணி" எண்டு ஓடவும் வைக்கலாம். பிறகு அவரே குறைஞ்ச விலைக்கு வருவார்.

வெறும் தாளிலயோ முத்திரை மட்டும் ஒட்டின தாளிலயோ கையெழுத்து கேட்டா அது வியாபாரமே இல்ல, எழும்பிப் போகச் சொல்லுங்கோ. "எங்கட நொத்தாரிசையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறம், உங்களுக்கு அலைச்சல் இல்ல" எண்டு சொன்னாலும் அதேதான். உங்களுக்கு அலைச்சல் இருக்கட்டும்.

அமெரிக்காவில சில வருசத்துக்கு முதல் ஒரு கொம்பனி வீட்டுக்காரருக்கு கொஞ்சக் காசை கையில குடுத்து, இந்த வீட்டை எப்ப வித்தாலும் எங்களாலதான் விக்கோணும் எண்டு 40 வருசத்துக்கு எழுதி வாங்கினதால, அதுக்கு எதிரா பல மாநில சட்டமா அதிபர்மார் வழக்குப் போட்டவை. இங்க அந்தளவுக்குப் போகேல்ல, ஆனா "எக்ஸ்க்ளூசிவ்" எண்டு கேக்கிற புரோக்கர்மார் கொழும்பிலயும் இருக்கினம். குடுக்கிறதெண்டா மூண்டு மாசத்துக்கு மேல வேண்டாம், கமிஷன் எத்தினை வீதம் எண்டு எழுதியிருக்கோணும் (வழக்கமா 3 வீதம் கேப்பினம், கதைச்சுக் குறைக்கலாம்), நீங்களே ஆளைத் தேடி வித்தா கமிஷன் இல்ல எண்டும் எழுதுவியுங்கோ.

இன்னொரு விளையாட்டு, "உங்களுக்கு பேர்ச்சுக்கு இவ்வளவு கையில வரும், மேல வாறது என்ர பாடு." கேக்க நல்லாத்தான் இருக்கும். மேல எவ்வளவு வருது எண்டு உங்களுக்குக் காட்டாம, வாங்கிறவரையும் உங்களோட கதைக்க விடாம வைச்சிருப்பார். வாங்கிறவரோட ஒரு தரம் எண்டாலும் நேரில இருந்து விலை கதைக்காத வியாபாரத்துக்கு சம்மதிக்காதேங்கோ.

கடன் தாறன் எண்டு வாறவை

வீடு இருக்கு, கையில காசில்ல, பாங்க் லோன் தராது, மகளின்ர கலியாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ நெருக்குது. இந்த நேரம் வாற ஆள் வீடு வாங்க வாறதில்ல, உதவ வாறார். "ரெண்டு நாளில காசு, வீடு உங்கட பேரிலயே இருக்கும், சும்மா ஒரு பாதுகாப்புக்கு எழுதிறது." நொத்தாரிசிட்ட போய்ப் பாத்தா அது ஈட்டு உறுதி இல்ல, விற்பனை உறுதி, இல்லாட்டி குறிச்ச காலத்துக்குள்ள காசைக் கட்டினா திருப்பி எழுதித் தாறன் எண்ட நிபந்தனையோட எழுதின கைமாற்று உறுதி. ஈடெண்டா காணி உங்கட, கடன் குடுத்தவர் கோர்ட்டுக்குப் போகோணும். கைமாற்று உறுதியெண்டா கையெழுத்து வைச்ச நாளே காணி அவரின்ர, தவணை தப்பினா உங்கட வீட்டிலயே நீங்க குடியிருக்கிற ஆள்.

இப்பிடி மாட்டின ஆக்களுக்கு ஒரு வழி இருக்கு. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்ர 83ஆம் பிரிவை வைச்சு, இது உண்மையில விற்பனை இல்ல, கடனுக்குப் பாதுகாப்பா எழுதினது எண்டு கோர்ட்டில வாதாடலாம். உறுதி எழுதின பிறகும் நீங்களே அந்த வீட்டில இருந்தீங்களோ, விலை சந்தை விலையை விட அடிமட்டமோ, உறுதிச் செலவை ஆர் கட்டினது எண்டெல்லாம் கோர்ட் பாக்கும். ஆனா அது வருசக்கணக்கில இழுபடுற வழக்கு. அதால கையெழுத்துக்கு முதல் ஒரே ஒரு கேள்வி, உங்கட சொந்த லோயரிட்ட: "இது ஈடோ, அறுதியோ (முழுசா வித்ததோ)?" அந்த லோயரை கடன் குடுக்கிறவர் கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது.

ஜொயின்ட் வென்ச்சர்

வெள்ளவத்தையில பழைய வீடு வைச்சிருக்கிற ஆக்களுக்கு இதுதான் இப்ப கூட வாறது. "காணியைத் தாங்கோ, எட்டு மாடி கட்டிறம், உங்களுக்கு ரெண்டு ஃப்ளாட்டும் கொஞ்சக் காசும்." இதில பிழை ஒண்டும் இல்ல, நிறையப் பேர் இப்பிடிச் செய்து நல்லா இருக்கினம். பிழைக்கிற இடம், கட்ட முதலே காணியை டெவலப்பர் பேருக்கு மாத்திக் கேக்கிறது, இல்லாட்டி அவருக்கு முழு பவர் (உங்களுக்குப் பதிலா கையெழுத்து வைக்கிற அற்றோணித் தத்துவம்) எழுதித் தரச் சொல்றது. அவர் அதைக் கொண்டுபோய் பாங்கில ஈடு வைச்சு கடன் எடுப்பார், கட்டிடம் பாதியில நிண்டா பாங்குக்காரன் வாறது காணிக்கு. 2022 நெருக்கடியில சீமெந்தும் கம்பியும் விலை ஏறின நேரம் கொழும்பில எத்தினை கட்டிடம் தூணோட நிண்டுது எண்டு எல்லாருக்கும் தெரியும், வாடகை வீட்டில போய் இருந்த காணிக்காரர் அங்கயே இருந்தினம்.

கேக்க வேண்டியது இவ்வளவு: முந்திக் கட்டின கட்டிடங்களின்ர விலாசம், போய் அங்க இருக்கிற ஆக்களோட கதையுங்கோ, மாநகர சபையின்ர கொன்போர்மிட்டி சேர்ட்டிபிக்கேட் (அனுமதிச்ச பிளான்படி கட்டினது எண்ட பத்திரம்) கிடைச்சுதோ, ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் தனி உறுதி எழுதிக் குடுத்தாச்சோ எண்டு. லிஃப்டில ஏறி இறங்கி ஒரு அன்ரியோட அஞ்சு நிமிசம் கதைச்சா புரோஷரில இல்லாத எல்லாம் தெரியவரும். உங்கட காணியை ஈடு வைக்க அனுமதி இல்ல எண்டு எழுதுவியுங்கோ, குறிச்ச தேதிக்குள்ள முடிக்காட்டி மாசம் எவ்வளவு தரோணும், உங்கட வாடகை ஆர் கட்டிறது, உங்கட ஃப்ளாட் எந்த மாடி எந்தப் பக்கம் எத்தினை சதுர அடி எண்டு பிளானில நிறம் போட்டு இணைக்கோணும். "கடல் பக்கம்" எண்டு வாயால சொன்னது பிறகு பால்கனியில நிண்டு கழுத்தை நீட்டிப் பாத்தாலும் கடல் தெரியாத பக்கமா மாறும்.

வெளிநாட்டில இருக்கிற தம்பியின்ர பங்கு

இது தான் எனக்குப் பெரிய பயம், ஏனெண்டா சட்டப்படியே செய்யலாம். அப்பா உயில் எழுதாமப் போனார், வீடு நாலு பிள்ளையளுக்கும் பிரிக்காத பங்கு. நீங்க இங்க இருந்து வீட்டைப் பாக்கிறீங்கள், மாநகர சபை வரி கட்டிறீங்கள். புரோக்கர் உங்களிட்ட வந்து பாத்தார், நீங்க இல்ல எண்டிட்டீங்கள். அவர் பேஸ்புக்கில தம்பியைப் பிடிக்கிறார், டொரொன்டோவுக்கு போன் போகுது: "அண்ணை அங்க எல்லாத்தையும் தன்ர பேரில மாத்தப் போறாராம், உங்கட பங்கை இப்பவே தாங்கோ, டொலரில காசு." பிரிக்காத பங்கை ஒரு பங்காளி மற்றவையைக் கேக்காமலே வெளியாளுக்கு விக்கலாம். வாங்கின வெளியாள் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க பங்கீட்டுச் சட்டத்தில வழக்குப் போடலாம், ஏழு எட்டு பேர்ச் காணியை நாலாப் பிரிக்கேலாது, கடைசியா முழுக் காணியும் ஏலத்துக்கு வாற நிலமை.

இதுக்கு மருந்து லோயரிட்ட இல்ல, குடும்பத்துக்குள்ள தான். சகோதரங்களோட ஒரு வீடியோ கோல் போட்டு, இப்பிடி இப்பிடி ஆக்கள் வாறாங்கள், உங்களுக்கும் போன் வரும், என்ன சொன்னாலும் முதல் எனக்குச் சொல்லுங்கோ எண்டு கதையுங்கோ. பழைய கோபதாபம் இருந்தா அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைச்சிட்டு. ஏலுமெண்டா ஒருத்தற்ற பங்கை மற்றவர் நியாய விலைக்கு வாங்கி உறுதியை ஒரு பேருக்குக் கொண்டு வாங்கோ.

பவர் எழுதிக் குடுக்கிறதும் இதோட சேந்தது. வெளிநாட்டில இருக்கிறவர் வீட்டைப் பாக்க ஆருக்காவது அற்றோணித் தத்துவம் குடுக்கிறதெண்டா "வாடகை எடுக்க, வரி கட்ட, திருத்த வேலை செய்ய" எண்டு குறிப்பா எழுதுங்கோ, விக்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் குடுத்த முழுப் பவர் வேண்டாம். 2022இல அற்றோணித் தத்துவச் சட்டத்தைத் திருத்தி முந்தியை விட இறுக்கி வைச்சிருக்கினம், அதால பழைய காலத்தில எழுதின பவர் ஏதும் ஆற்றயும் கையில கிடந்தா லோயரிட்ட காட்டி, தேவையில்லாட்டி ரத்து எழுதி அந்த ரத்தையும் பதியுங்கோ. எழுதினவர் செத்தா பவரும் செத்துது. அதுக்குப் பிறகு அதைக் காட்டி வித்தா அது மோசடி.

உண்மையாவே விக்கிறதெண்டா

இங்க வழக்கம், வாங்கிறவற்ற லோயர் தான் உறுதி எழுதிறது, விக்கிறவர் சும்மா போய் கையெழுத்து வைப்பார். அந்த வழக்கத்தை மாத்துங்கோ, உங்களுக்கும் ஒரு லோயர் வைச்சு உறுதியின்ர நகலை முதல் நாளே வாசிப்பியுங்கோ. விலை முழுக்க உறுதியில வரோணும். "பாதியை உறுதியில போடுவம், பாதி கையில" எண்டா அந்தக் கையில வாற பாதிக்கு உங்களிட்ட ஒரு சாட்சியும் இல்ல, முத்திரைத் தீர்வை மிச்சம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு.

காசு வாங்கினன் எண்டு உறுதியிலயே எழுதியிருக்கும், அதால காசு வந்த பிறகு தான் கையெழுத்து. பே ஓடர் கொண்டு வந்தா அதில இருக்கிற போன் நம்பருக்கு எடுக்காதேங்கோ, அந்தக் கிளைக்கே போய்க் கேளுங்கோ, இல்லாட்டி கையெழுத்தையே பாங்கில வைச்சுச் செய்யுங்கோ. வெளிநாட்டுக் காசு வருது, அதை விடுவிக்க நீங்க முதல்ல ஒரு தொகை கட்டோணும் எண்டு ஆரும் சொன்னா அங்கயே கதை முடிஞ்சுது, வீடு விக்கிறவர் காசு கட்டிற வியாபாரம் உலகத்தில இல்ல.

ஏற்கனவே மாட்டியிருந்தா

வெக்கப்பட்டுக்கொண்டு இருக்காதேங்கோ, நாள் போகப் போக காணி மூண்டாம் ஆளின்ர கைக்கு மாறும், அதுக்குப் பிறகு சிக்கல் கூட. அண்டைக்கே பத்திருவை எடுங்கோ, என்ன பதிஞ்சிருக்கு எண்டு தெரியாம பொலிசுக்குப் போனா கதை மட்டும் தான் சொல்லலாம். வட்ஸ்அப் மெசேஜ், கோல் லிஸ்ட், ரிசீட், வந்த ஆளின்ர கார் நம்பர், கேட் கமராவில பதிஞ்சது எல்லாத்தையும் ஒரு இடத்தில சேருங்கோ, கமரா கொஞ்ச நாளில தானா அழிஞ்சிடும், அதை முதல்ல. உங்கட ஏரியா பொலிசில முறைப்பாடு போட்டு அந்த நம்பரை வாங்குங்கோ, அங்க நகராட்டி கொழும்பு மோசடி விசாரணைப் பணியகம் இருக்கு. சிங்களத்தில எழுதிப்போட்டு கையெழுத்து வைக்கச் சொன்னா, தமிழில எழுதச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, இல்லாட்டி சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச உங்கட ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

லோயருக்குக் குடுக்க காசில்லாட்டி புதுக்கடையில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானத்தைப் பாத்து உதவி செய்வினம். பொலிஸ் விசாரணை நடக்குது தானே எண்டு சிவில் வழக்கை விட்டுடாதேங்கோ, பொலிஸ் ஆளைப் பிடிக்கும், ஆனா அந்தக் கள்ள உறுதி செல்லாது எண்டு தீர்ப்புத் தாறது மாவட்ட நீதிமன்றம். வழக்குப் போட்ட உடனே அந்த வழக்கையும் காணிப் பதிவேட்டில பதியச் சொல்லுங்கோ, அப்ப தான் அடுத்ததா வாங்க வாற ஆள் பத்திரு எடுத்துப் பாக்கேக்க இது வழக்குக் காணி எண்டு கண்டிட்டு விலகிப் போவார்.